கூண்டில் குனிந்த தலை

கொலைக் கதையைப் படமாக்குகிறவர்கள் கடைசிவரை கொலைகாரனை ஒளித்து வைப்பார்கள். மதுஷாவோ தான் இயக்கும் படத்தின் முதல் காட்சியிலேயே அவனைக் காட்டிவிட்டாள். ஒரு கொலை நாவலைப் படமாக்க எழுத்தாளரிடம் அனுமதி வாங்கி, அதை இரண்டு தடவை படித்து மூடி வைத்தவள், ஒரு மாதம் இலங்கை மலையகத்துப் பதுளை நீதிமன்றத்தின் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "யார் கொன்னான்னு நம்ம சனத்துக்கு எப்பவும் தெரியும். கொல்லாதவன நம்புவாங்களாங்கிறதுதான் தெரியாது. பயமே அங்கதான் இருக்கு" என்பாள். சரியான பிடிவாதக்காரி.

பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் லிங்கம்தான் தயாரிப்பாளர். நல்ல மனிதர், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை நீதிமன்றமாக்கிப் படப்பிடிப்பு. குற்றம் செய்யாத தோட்டத் தொழிலாளி கூண்டில் நிற்கிறான். நாவலில் அவன் நெஞ்சைத் தட்டி இரண்டு பக்கம் முழங்குவான். மதுஷா அத்தனையையும் வெட்டிவிட்டாள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றால் போதும் என்றாள். கொழும்பிலிருந்து வந்த நடிகன் சஜீவன் அப்படியே நின்றான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் போலத்தான் இருந்தது.

"கொன்னவனக் காட்டியிருந்தாலும் இவனுக்கும் பங்கு இருக்குன்னு சனம் எழும்பிப் போயிரும்மா" என்றார் லிங்கம். "பொஸ்தகத்துல உள்ளபடி கத்த விடு. சாயந்தரத்துக்குள்ள சரிவரலன்னா நான் சொல்றபடிதான் எடுக்கணும்."

"தொர முன்னால குனிஞ்சா மரியாதண்ணே. கோர்ட்டுல குனிஞ்சா குத்தம். எங்க ஆளுங்களக் கவுத்ததே அதுதான். அத நான் விடமாட்டேன்."

எப்படிக் குனிந்து நிற்பதென்று சஜீவனுக்குக் காட்ட அவள் அழைத்து வந்தது நமுனுகுலவிலிருந்து தன் அப்பா ரெங்கசாமியை. இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு தோட்டத்து ஸ்டோரில் உர மூட்டை காணாமல் போன வழக்கில், எடுக்காத மூட்டைக்காக மூன்று மாதம் உள்ளே இருந்தவர். பெற்ற தகப்பனை இதற்கா கூப்பிடுவது என்று அவளுக்கே உறுத்தியது. இருந்தும் கூப்பிட்டாள்.

அவர் கூண்டில் ஏறினார். நீதவானாக நடித்தவர், "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்டார். குற்றம் செய்தவனா, செய்யாதவனா என்பதை அங்கே கோர்ட்டில் அப்படித்தான் கேட்பார்கள்.

ரெங்கசாமி அவர் முகத்தை நேராகப் பார்த்தார். "நான் எடுக்கலங்க. அன்னைக்கு ஸ்டோர் சாவி எங்கிட்ட இல்லவே இல்ல. யாருமே கேக்கல."

மதுஷா கூண்டருகே போனாள்.

"அப்பா, அன்னைக்கு நின்ன மாதிரி நின்னு காட்டத்தான் கூப்பிட்டேன்."

"மாட்டேம்மா. ஒருக்கா குனிஞ்சாச்சு. ஒம் படத்துக்காகக்கூட இனிக் குனிய மாட்டேன்." இறங்கிப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. "பாத்தியா, அவரு பேசினபடியே எடு" என்றார் லிங்கம். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சஜீவனிடம் போனாள்.

"கேட்டீங்கதானே? அந்தச் சாவி மாதிரி ஒரு விஷயம் உங்க வாய் வரைக்கும் வரணும். சொல்லப் போகணும். நீதவானப் பாத்ததும் முழுங்கிட்டுக் குனியணும்."

கேமரா ஓடியது. சஜீவன் வாயைத் திறந்தான். நீதவானைப் பார்த்தான். மெல்ல வாயை மூடி, கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்தான்.

"அவன் என்னமோ சொல்ல வர்றான், என்னான்னு கேளுங்கப்பா" என்று கேமரா ஓடுவதையும் மறந்து எழுந்து நின்றார் லிங்கம்.

அவர் சத்தத்தால் அந்த டேக் வீணாகிவிட்டது. மதுஷா அதேபோல் இன்னொன்று எடுத்தாள்.