முப்பத்திரண்டு குடைகள்

கட்டுரை நோட்டைத் திருத்துவதென்றால் மேகலா டீச்சருக்குக் கஷாயம் குடிப்பது மாதிரி. குரும்பலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, அரியலூர்ப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளிக்குத் தமிழ் நடத்த வருகிறவர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்ஸை அச்சுப்பிழை முதற்கொண்டு மனப்பாடம் செய்து எழுதுவதைப் பதினொரு வருடமாகப் படித்து அலுத்துப்போயிருந்தார். ஒரு பிள்ளையாவது சொந்தமாக ஒரு பக்கம் எழுதுவதைப் பார்த்துவிட வேண்டும். அவருடைய ஆசையே அவ்வளவுதான்.

பயிற்சி வகுப்பொன்றில் மனவரைபடம் கற்றுக்கொண்டு வந்தார். போர்டின் நடுவில் வட்டம் போட்டு ‘மழை’ என்று எழுதி, சுற்றிலும் கிளை கிளையாகக் கோடு இழுத்து, நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதிக் காட்டினார். அன்று காலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தன் குடை காற்றில் திரும்பிக்கொண்டதையும் ஒரு கிளையில் விளையாட்டாகப் போட்டுவைத்தார்.

மறுநாள் அதே தலைப்பில் கட்டுரைத் தேர்வு. முப்பத்திரண்டு பேரும் படத்தை அப்படியே உருப்போட்டு வந்திருந்தார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு குடைகள் திரும்பியிருந்தன. டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தலைமையாசிரியர் கிருஷ்ணமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. “அரையாண்டு வரைக்கும் பாருங்கம்மா. மார்க் எறங்குனா பேசாம நோட்ஸையே குடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து டீச்சர் வெறும் வட்டத்தை மட்டும் போட்டார்.

“கிளை எங்க டீச்சர்?” என்றாள் லாவண்யா.

“அது உங்க வூட்ல இருக்கு. பாத்து எழுதிட்டு வா.”

முதல் வாரம் பாதி வட்டங்கள் மொட்டையாகவே வந்தன. “இத வெச்சு என்ன, தோச சுடப் போறியா?” என்று கேலி செய்து செய்தே கிளை வரைய வைத்தார்.

சொல்லிவைத்தாற்போல் அரையாண்டிலும் மழைதான் தலைப்பு. திருத்திய விடைத்தாள் கட்டைக் கிருஷ்ணமூர்த்தியே பிரித்தார். மேலே லாவண்யாவின் தாள். ஓரத்தில் பென்சிலால் சின்ன வட்டம், ஐந்தாறு கிளைகள்.

“பஸ் ஸ்டாண்டில் என் குடை திரும்பியதாகப் போன தடவை எழுதியது பொய். எங்கள் வீட்டில் குடையே இல்லை. ஆனாலும் எனக்கு மழை பிடிக்கும். சுண்ணாம்புக்கல் லாரி போகும் ரோட்டில் எங்கள் வீடு. வாசல் வேப்பமரம் எப்போதும் வெள்ளையாக இருக்கும். மழை பெய்த மறுநாள்தான் அது பச்சை மரம்.”

அவர் இன்னும் நாலைந்து தாள் புரட்டினார். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. மார்க்கும் இறங்கவில்லை.

“எழுத்துப்பிழை நெறைய இருக்கேம்மா?”

“இருக்குங்க சார். ஆனா எல்லாம் அதுங்க சொந்தப் பிழை.”

கிருஷ்ணமூர்த்தி சிரித்துவிட்டார். “சரி, பத்தாங்கிளாஸ்லயும் வட்டத்தப் போடுங்க.”

அன்று சாயங்காலம், திருத்தி முடித்த அதே கட்டை மடியில் வைத்துக்கொண்டு, மேகலா டீச்சர் குரும்பலூர் வரைக்கும் மறுபடி படித்துக்கொண்டே போனார்.