மேசைக்கடியில் மூன்று மிதி

மேலூரிலிருந்து வந்த அந்த அக்காவுக்குப் பக்கவாதத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது. மதுரையில் நான் பேச்சுப் பயிற்சி தரும் கிளினிக்குக்கு வாரம் ஒருமுறை கணவர் அழைத்து வருவார். கேள்வி அக்காவுக்கு, பதில் கணவருடையது.

"சாப்டீங்களாக்கா?"

"சாப்ட்டா மேடம். அவளுக்கு ஒண்ணும் வெளங்காது, என்கிட்டயே கேளுங்க."

வாராவாரம் அவருடைய பேச்சுதான் நன்றாகத் தேறிக்கொண்டு வந்தது.

நோயாளியைச் சிறிது நேரமாவது தனியாகப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கிளினிக் விதி. எத்தனை முறை சொன்னாலும் மனிதர் நாற்காலியை விட்டு நகரவில்லை. நான்காவது வாரம், அவர் பேசிக்கொண்டிருக்கையில் மேசைக்கடியில் யாரோ என் காலை மிதித்தார்கள். தெரியாமல் பட்டிருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது மிதியில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது.

"அண்ணே, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு வேணுமே" என்றேன். பொய்யில்லை, போன மாதமே வாங்கியிருக்க வேண்டியது.

அவர் போனதும் பட அட்டைகளைப் பரப்பினேன். "இதுல உங்களுக்குப் புடிக்காதது எதுக்கா?"

அக்காவின் விரல் பூட்டில் போய் நின்றது.

"உங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறாரா?"

தலையாட்டினார்.

"எம்புட்டு நேரம்?"

பேச முடியாதவரிடம் கேட்கும் கேள்வியா அது! அக்கா கடிகாரப் படத்தை இழுத்து எட்டைத் தொட்டார். விரலை வளைத்துக் கொண்டுபோய் ஏழில் நிறுத்தினார். காலையிலிருந்து இருட்டும்வரை.

அதற்குள் கணவர் வந்துவிட்டார். ஒரு பக்கம்தான் எடுத்திருந்தார்.

"ரெண்டு பக்கமும் வேணும்ணே."

முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது.

"அக்கா, இத நான் எனக்குள்ளயே வச்சுக்கிற முடியாது. உதவி செய்றவங்ககிட்ட சொல்லணும். அவருக்குத் தெரிய வேணாம். சொல்லட்டுமா?"

அக்கா தலையாட்டிவிட்டு, பஸ் படத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

முதல் நாள் படிவத்தில் எழுதியிருந்த சொந்தக்காரர்களின் ஊர்களைச் சொல்லிப் பார்த்தேன். "எங்க போகணும்? கப்பலூரா? திருமங்கலமா?"

திருமங்கலம் என்றதும் மேசை அதிர ஒரு தட்டு.

"அங்க யாரு, தம்பியா?"

இன்னொரு தட்டு.

அன்றே மூத்த மருத்துவரிடம் சொன்னேன். நடந்ததை அப்படியே எழுதி, பெண்கள் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவித்தோம். வீட்டுக்கு மட்டும் போன் செய்யவில்லை, எடுப்பவர் கணவர்தானே. மூன்றாம் நாள் அந்த அலுவலரம்மாவே அழைத்தார்.

"தம்பியக் கூட்டிட்டுப் போய்ப் பூட்டத் தெறந்தா, ஒங்க பேஷண்ட் பையும் கையுமா, செருப்பெல்லாம் மாட்டி நிக்கிறாங்கம்மா! ‘ஏன் இம்புட்டு லேட்டு’ங்கிற மாதிரி பாக்குறாங்க!"

நான் வராந்தாவில் குதித்ததைப் பார்த்து, கிளினிக்கை ஒட்டிய மருந்துக் கடைக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று எழுந்தே நின்றுவிட்டார்.

அடுத்த மாதம் தம்பி மனைவியோடு வந்தார் அக்கா. உட்காரக்கூடப் பொறுமையில்லை.

"தோச... ச்சீ... பஸ்ஸு! பஸ்ஸுல... சன்னலு... நானு!"

வார்த்தைகள் இடம் மாறி இடம் மாறி விழுந்தன. என் கன்னத்தை வழித்து, "நல்ல தக்காளி" என்றார். சொன்னது தப்பென்று அவருக்கே தெரிந்துபோய், மூன்று பேரும் கண்ணில் நீர் முட்டச் சிரித்தோம்.

வெளியே காத்திருந்த பெரியவர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா வைத்தியம் பாக்குறீக? எனக்கும் அதே குடுங்க."