நைனார்பாளையத்துப் பள்ளத்தில் வந்த தேரைகள்

மங்கையர்க்கரசி போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது வெளியே முதல் மழை பிடித்திருந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரே கல்லூரியில் அவர் விலங்கியல், நான் தமிழ். எங்களோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் மழையன்று மங்கையை வீட்டில் பிடித்துவைக்க யாராலும் முடியாது. மண்ணுக்குள் புதைந்து வாழும் ஒரு தேரை அப்போதுதான் முட்டையிட மேலே வரும். குட்டைகள் தூர்ந்து அந்த இனமே அருகிக்கொண்டிருந்தது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம், அதைத் தேடிக் கல்வராயன் மலையடிவாரத்துக்கு என்னையும் இழுத்துப் போனார். ஒன்றும் கிடைக்கவில்லை. மறியலுக்குப் பயந்து சுற்றிக்கொண்டு திரும்பிய பஸ் நைனார்பாளையத்தில் மாட்டிக்கொண்டது. முன்னால் சாலையை வெட்டிப் பள்ளம் பறித்திருந்தார்கள். பின்னால் புளியமரத்தைச் சாய்த்திருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் நாள்கணக்கில் அடைந்து கிடந்தோம். மாற்றுச் சேலை இல்லை, வீட்டுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. இவரை நம்பி வந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று அவர் காதுபடவே சொன்னேன்.

ஒரு சாயங்காலம் மழை கொட்டி விட்டது. சாலைப் பள்ளத்திலிருந்து கரகரவென்று சத்தம். மங்கை ஓடினார். மலையடிவாரமெல்லாம் தேடிய தேரை, போராட்டக்காரர்கள் வெட்டிய பள்ளத்தில்! வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

"பாருங்க, பின்காலால தோண்டிக்கினு பின்பக்கமாவே மண்ணுல எறங்கும். மூஞ்சி மட்டும் கடைசி வரைக்கும் நம்மளப் பாத்துக்கினு இருக்கும்" என்றார்.

மறுநாள் மறியல் விலகியது. பள்ளத்தைத் தூர்க்க, வெட்டியவர்களே மண்வெட்டியோடு வந்தார்கள். மங்கை தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டார்.

"முட்டை கிடக்குதுங்க. கொஞ்சம் பொறுங்க."

பள்ளம் தூர்ந்தால்தான் எங்கள் பஸ் நகரும். மண்வெட்டியோடு வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "இன்னா டீச்சர், எங்களுக்கே எடம் கெடைக்கல. தேரைக்கு எடம் கேக்குறீங்களா?"

"உங்களுக்குக் கேக்க வாய் இருக்குதுங்க. அதுக்கு இல்லியே."

அந்த ஆள் தலையைச் சொறிந்தார். பிறகு அவரே குடங்கள் கொண்டுவரச் சொன்னார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. திட்டிக்கொண்டே நானும் ஒரு குடம் தூக்கினேன். முட்டைகளை ஊர்க்குட்டையில் விட்டோம்.

அந்தக் குட்டையும் பிற்பாடு மண் கொட்டி மனைகளாகிவிட்டது. பக்கவாதத்தில் படுத்த பிறகு மங்கை ஒரு நாள் என்னிடம் அழுதார். "மழை பேயறது கீழ அந்தத் தேரைக்குத் தெரியும். மேல வரத்தான் முடியாது." அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். மழை விட்டதும் என் காது தானாகத் தரைப்பக்கம் போகிறது. அன்றும் போனை வைத்துவிட்டு, மழை விட்டதும் வாசலில் நின்றேன். சிமெண்டின் மேல் தண்ணீர் ஓடியது. வேறு சத்தம் இல்லை.