தமிழழகன் போஸ்டரில் என் ‘ழ’

உறையூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இறந்தவர் பெயர் தமிழழகன். யாரென்று தெரியாது... ஆனால் அந்தப் பெயரில் இருந்த இரண்டு ‘ழ’வையும் எனக்கு நன்றாகத் தெரியும். நான் வரைந்தவை!

கம்ப்யூட்டரில் டைப் செய்கிறோமே, அந்த எழுத்துருக்களை வடிவமைப்பது என் தொழில். இந்த எழுத்துரு இன்னும் வெளியாகவே இல்லை. ஃபைல் இருந்தது இரண்டே இடத்தில் – ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக் கம்ப்யூட்டர், தென்னூரில் என் பார்ட்னர் ரஃபீக்கின் லேப்டாப். அப்புறம் எப்படி உறையூர்ச் சுவருக்கு வந்தது?

சில நாளில் காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியின் போர்டில் அதே எழுத்து. பிறகு ஒரு பல் டாக்டரின் போர்டில். சந்தோஷப்பட்டிருக்கலாம். என் மனதில் ஓடியதோ ஒரே பெயர்... ரஃபீக்.

அவர் போனோடு வெளியே போனால், யாரோடு பேசுகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். பேச்சுவாக்கில், உறையூர்ப் பக்கம் போனீர்களா என்று கேட்டேன். இல்லையே என்றார் – கொஞ்சம் அவசரமாகவே. போதாதா? அதே எழுத்துருவின் தடித்த வடிவத்தை முடித்திருந்தும், இன்னும் முடியவில்லை என்று சொல்லி அவருக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். வீட்டிலும் மூச்சு விடவில்லை.

கடைசியில், போஸ்டரின் அடியில் போட்டிருந்த அச்சகத்தைத் தேடிப் போனேன். அங்கே டிசைன் செய்கிற பெண் எதையும் மறைக்கவில்லை.

“ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒரு டீச்சர் இந்த எழுத்தை அனுப்பினாங்க. எங்க எழுத்துல அவங்க அப்பா பேரு நல்லா வரலைன்னு ரொம்ப வருத்தப்பட்டாங்க. பார்க்க அழகா இருக்கேன்னு மத்த வேலைக்கும் போட்டுட்டோம்.”

டீச்சரா? என் மனைவி சுதாவும் டீச்சர்தான். வீட்டுக்குப் போனதும் கேட்டேன். கூட வேலை பார்க்கிறவரின் அப்பாதான் தமிழழகன் என்றும், நான் சென்னை போயிருந்தபோது தானே காப்பி எடுத்துக் கொடுத்ததாகவும், பிறகு சொல்ல மறந்துவிட்டதாகவும் சாதாரணமாகச் சொன்னாள்.

“சாவு வீட்டுல அழுதுகிட்டே கேக்குறாங்க. இன்னும் வெளியிடல, தர முடியாதுன்னா சொல்ல முடியும்?”



மறுநாள் ரஃபீக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சந்தேகப்பட்டதையும் சேர்த்து. கோபப்படுவார் என்று பார்த்தால், டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அந்த மண்டி போர்டை நானும் பார்த்தேங்க. எனக்குத் தெரியாம நீங்கதான் வித்துட்டீங்கன்னு நினைச்சேன்.”

இருவரும் சிரித்துவிட்டோம். தடித்த வடிவத்தையும் அன்றே அனுப்பிவிட்டேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. இத்தனை வாரமாக என்னைச் சந்தேகப்பட்ட மனிதர், அதை முகத்தில் துளிகூடக் காட்டவில்லையே...

வேறு என்னவெல்லாம் காட்டாமல் வைத்திருக்கிறாரோ!