பேத்தியை ஆசாரத்திடம் ஒப்படைத்தேன்

மாத்தளையில் எதிர்ப்படுகிறவர்கள் என்னிடம் நலம் விசாரிப்பதில்லை, "பிள்ளையை எங்கே விட்டுட்டு வர்றீங்க?" என்றே கேட்கிறார்கள். கோயிலில் பதிகம் ஓதுவதற்காக இலங்கைக்குக் கப்பலேறி வந்த எனக்கு இக்கேள்வி இன்னும் விசித்திரமாகவே ஒலிக்கிறது. மாயவரத்தருகே எங்கள் தெருவில் எவரும் பிள்ளையை எங்கும் விட்டதில்லை. அது ஒரு வீட்டில் உண்டு, இன்னொரு வீட்டில் உறங்கி, பொழுது சாய்கையில் யாரோ ஒருத்தியின் இடுப்பில் திரும்பி வரும். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. அந்தப் பெண்களுக்குக் கூலியும் இல்லை, வேறு வேலைக்குப் போக அனுமதியும் இல்லை.

என் மகன் காய்ச்சலில் இறந்தபின், மருமகள் சிவகாமி இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பள்ளியில் ஆசிரியை ஆனாள். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இரண்டு வயது நிரம்பாத பேத்தி மங்கையைப் பகலில் யாரிடம் விடுவது? ஆயிரம் பாடல்களை மனத்தில் இருத்திய நான், ஒரு குழந்தைக்குக் கால் கழுவிவிட அறியாதவன். நகரத்துக் கனவான்கள் ஒரு நர்சரியைக் காட்டினார்கள். அங்கே சிறுநீர் கழிக்க ஆங்கிலத்தில் அனுமதி கேட்கத் தெரியாத சிறுவனை, நனைந்த காற்சட்டையோடு மூலையில் நிறுத்தியிருந்தார்கள். அவன் தகப்பனுக்கு அதிலும் ஒரு பெருமிதம். கொழுந்து பறிக்கும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவம் சிவகாமியின் பள்ளிக்கு அடுத்தே இருந்தது. "அங்கேயே விட்டுடலாம் மாமா, இடையில இடையில எட்டிப் பார்ப்பேன்" என்றாள். "கூலிக்காரர் பிள்ளைகளோடா?" என்றேன். இன்று அதைத் திரும்ப எழுதவே கூசுகிறது.

கோயிலருகே வசித்த விசாலாட்சி அம்மாளை நானே தேர்ந்தேன். நெற்றி நிறையத் திருநீறு. பிறர் தீண்டாத மடித்துணி உடுத்திப் பூசை முடிக்காமல் தண்ணீரும் பருகாதவர். அவர் பிழையின்றி ஓதியதைக் கேட்டே பிள்ளையை ஒப்படைத்தேன், வேறெதுவும் விசாரிக்கவில்லை. சில நாட்களில் குழந்தையின் தொடைச் சிவப்பைச் சிவகாமி காட்டினாள். வேர்க்குரு என்றேன். சிவப்பு மாறாததால் பத்தாம் நாள் முற்பகலில் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். பூசையறையில் மணி ஒலித்தது. பின்கட்டில் மங்கை, பழஞ்சேலைத் துண்டால் தூணோடு கட்டப்பட்டு, நனைந்த துணியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, அழுது முடித்திருந்தாள்.

"மடியில இருக்கேன் ஐயா. பிள்ளை ஈரம் பண்ணிடுச்சு. பூசை முடியாம எப்படித் தொடுறது?"

"எப்போது முடியும்?"

"இன்னும் நாலு பதிகம்தான். ஓதுறவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நான்குக்கும் எத்தனை நேரமாகும் என்று துல்லியமாகத் தெரியும். ஒரு குழந்தையின் புண்ணைக் காக்கவைத்துப் பாடுகிற பாட்டு எந்தச் சன்னிதிக்கும் எட்டாது. அது தெரியாத பக்தி வெறும் தொண்டைப் பயிற்சி. அந்தப் பயிற்சியில் அவரைவிட நான் மூத்தவன்.

மங்கையைக் கட்டவிழ்த்துத் தூக்கி வந்தேன். மறுநாள் அவளோடும் சிவகாமியோடும் பிள்ளை மடுவத்துக்கு நானும் போனேன். அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் ஆயா முத்தாயியிடம், புத்தி வராமல், "ஆசாரமாக இருப்பாயா?" என்று கேட்டேன். "சவக்காரம் போட்டுக் கழுவிட்டுத்தான் சாமி பிள்ளையைத் தொடுவேன். கையை மோந்து பாருங்க" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள். பிறகு குழந்தையின் துணியை விலக்கி, தொடைப் புண்ணையும் இடுப்பில் கட்டிய தடத்தையும் பார்த்தாள்.

"மாட்டைக்கூட நாங்க இப்படிக் கட்ட மாட்டோம். யாரு சாமி பார்த்துக்கிட்டது, தெரிஞ்ச ஆளா?"

"தெரிந்தவர்தான்" என்றேன்.

"வீட்டு ஆளு உடுத்தின துணி ஒண்ணு குடுங்க. அந்த வாடை இருந்தாத்தான் தூங்கும்."

தோளிலிருந்த மேல்வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். சன்னிதியில் இடுப்பில் கட்டி ஓதுவது. ஊரிலிருந்து கொண்டுவந்தவற்றில் எஞ்சிய ஒரே துணி. முத்தாயி அதை விட்டத்தில் தொட்டிலாகக் கட்டினாள். மங்கை தூங்கினாள்.

கோயில் துணி தோட்டத்தில் தொட்டிலான செய்தி மாயவரத்துப் பக்கம் எங்கள் ஊருக்கும் போயிற்று. பரிகாரம் செய்யாமல் வாசலை மிதிக்க வேண்டாமென்று என் தம்பி எழுதியிருக்கிறான். அவன் வாசல் அவனோடு இருக்கட்டும். இங்கே பிரஜாவுரிமைக் கந்தோர் என்கிற அரசு அலுவலகத்தில், நான் இந்த நாட்டவன் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். காகிதமாக என்னிடம் எதுவுமில்லை. காவிரிக்கரையில் நெய்த துணியொன்று தோட்டத்து விட்டத்தில், ஈரமாகி, துவைக்கப்பட்டு, மறுபடியும் ஈரமாகித் தொங்குகிறது.