மஞ்சள் சிவந்த இடம்

எங்கள் அடையாறு குடியிருப்பில் மேல் வீட்டு அக்கா சுவரில் தொங்கவிடுவதற்கென்றே துணி நெய்கிறவர். நூலுக்குச் சாயமும் அவரே போடுவார்; மஞ்சள், அவுரி, கடுக்காய் இப்படித்தான். கண்காட்சிக்குத் தமிழில் சிறு குறிப்புகள் எழுதித் தர முடியுமா என்று என்னைக் கேட்டிருந்தார். பிரசவத்துக்காக நான் வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. உடனே சரி என்றேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டிருக்க வேண்டாமோ என்று படி இறங்கும்போதே தோன்றியது.

துணிகள் தேனாம்பேட்டைக் கண்காட்சிக்குப் போகவேண்டிய அன்று மூன்று மணிக்கே வேன் வந்து நின்றது. எல்லாம் சுருட்டியாகிவிட்டது. கடைசியாக ஒன்றுதான் அக்கா வீட்டுச் சுவரில் பாக்கி. ஆள் உயரம், முழுக்க மஞ்சள், நாலு மாத நெசவு. அழைப்பிதழில் அச்சாகியிருந்ததும் அதுதான். அதைச் சுற்ற காடாத்துணி எடுக்க அக்கா உள்ளே போனார். நான் குறிப்பில் ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருந்த அரை நிமிடத்தில் என் மகள் வாழைப்பழம் பிசைந்த கையை அதன் கீழ்ஓரத்தில் பதித்துவிட்டாள்.

என் பையில் எப்போதும் பேப்பர் சோப்பு இருக்கும். ஒரு தாளை எடுத்து, பாட்டில் தண்ணீரில் நனைத்து, கைக்குட்டையால் அவசரமாகத் தேய்த்தேன். மஞ்சள் சிவந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்தது. முதலில் குழந்தையின் கையைத்தான் பிடித்துப் பார்த்தேன், எங்கேயாவது கிழித்துக்கொண்டாளோ என்று. பத்து விரலையும் பிரித்துப் பார்த்தேன். காயமில்லை. அப்புறம்தான் உறைத்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆவதுதான் இங்கேயும் ஆகியிருக்கிறது; சோப்பும் காரம்தானே. நான் எம்.எஸ்சி. வேதியியல். மூன்று வருடம் பள்ளியில் அமிலம், காரம் பாடம் நடத்தியவள்.

அக்கா வந்து நின்றார்.

“பாப்பா கை வெச்சுட்டாக்கா,” என்றேன்.

“பாப்பா கையில சோப்பு ஏது?”

நனைந்த கைக்குட்டையைப் பைக்குள் திணித்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம், நாலு வார்த்தைதான்.

கீழேயிருந்து வேன்காரர் கத்தினார். “இன்னாக்கா, டைம் ஆவுது. ஏத்தலாமா?”

“இருப்பா, துணிக்கு ஆரத்தி எடுத்துட்டிருக்கோம்!” என்று அக்கா குரல் கொடுத்தார்.

“கல்யாணப் பொண்ணு எங்கக்கா கீது?”

அக்கா சிரிக்கவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து வரச் சொன்னார். சாற்றைப் பஞ்சில் தொட்டு, ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒற்றினார். சிவப்பு மெதுவாக மஞ்சளுக்குத் திரும்பியது. வெறும் தண்ணீரால் மறுபடி ஒற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். காய்ந்த பிறகு பார்த்தால், அழுந்தத் தேய்த்த இடத்தில் மட்டும் சாயம் கழன்று, உள்ளங்கை அகலத்துக்கு வெளிறியிருந்தது. அக்கா கிட்டே நின்று பார்த்தார், வாசல்வரை தள்ளிப் போய்ப் பார்த்தார்.

“போகட்டும்,” என்று சுருட்டிக் கொடுத்துவிட்டார். அது மன்னிப்பா சலிப்பா என்று அடுத்த மூன்று நாள் யோசித்தேன். பேசவே தெரியாத குழந்தைமேல் பழியைப் போட்டதையும் யோசித்தேன்.

கண்காட்சி முதல் நாள் போகாமலிருக்கத்தான் பார்த்தேன். குறிப்பு எழுதியவள் வராவிட்டால் நன்றாக இருக்காது என்று போனேன். மஞ்சள் துணிக்கு முன்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இரண்டடி தள்ளி யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

“இங்க மட்டும் ஏங்க வெளிறியிருக்கு? குழந்தை கை வெச்ச மாதிரி?” என்று அந்தப் பெண்மணி என்னைக் கேட்டார்.

“குழந்தை இல்லைங்க. நான்தான் சோப்பு போட்டுத் தேய்ச்சேன்.” அக்காவுக்குக் கேட்கட்டும் என்றே கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அக்கா பேச்சை நிறுத்தித் திரும்பினார்.

“அப்படியா! நீங்கதான் ஆர்ட்டிஸ்டா?”

“இல்லைங்க,” என்றேன். “நான் கீழ் வீடு.”