பச்சை மனிதன் சிமிட்டும்போது

காலை ஏழரைக்கே சைகோனில் வெயில் சுள்ளென்று அடித்தது. நகரின் மையமான டிஸ்ட்ரிக்ட் 1-இல், பழைய மாதாகோவிலுக்கு அருகேயுள்ள நாற்சந்திக்கு விடுதியிலிருந்து அரைக் கிலோமீட்டர். பாதசாரிகள் சிக்னலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று அறியவே திருச்சியிலிருந்து வந்திருந்தேன். மொழிபெயர்க்க நூர்ஜஹான் உடன் வந்தார். காரைக்கால்காரர், இங்கே பள்ளிவாசல் தெருவில் கணவரோடு உணவகம் நடத்துகிறார்.

கேமராவை ஓரமாக நிறுத்திவிட்டு, கடந்து வந்தவர்களிடம் கேட்டோம்: சிக்னலில் பச்சை மனிதன் சிமிட்டினால் என்ன அர்த்தம்? இனிமேல் சாலையில் இறங்கக் கூடாது என்பதுதான் சரியான விடை. அலுவலகம் போகும் பெண்ணொருத்தி, "ஓடு!" என்றாள். பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல, நூர்ஜஹான் மொழிபெயர்த்தார்.

"அது நமக்கில்லையாம்க்கா. கிளம்பத் தயாரா இருன்னு பைக்குக்காரங்களுக்குச் சொல்லுதாம்."

ஒன்பது மணிக்கு ஒரு கல்யாண ஜோடி படமெடுக்க வந்தது. மாப்பிள்ளையும் புகைப்படக்காரரும் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். மணப்பெண்ணின் நீண்ட வெள்ளை கவுன் அவள் குதிகாலில் சிக்கிக்கொண்டது. பச்சை மனிதன் சிமிட்டி, சிவப்பானான். அவள் நடுச்சாலையில் நின்றாள். பைக்குகள் திமுதிமுவென்று கிளம்பின.

என்னையறியாமல் கையை உயர்த்தியபடி இறங்கிவிட்டேன்.

"ஓடாதீங்கக்கா! மெதுவா, ஒரே சீரா நடங்க!" நூர்ஜஹான் கத்தினார்.

அப்படியே நடந்தேன். பைக்குகள் இருபுறமும் ஒதுங்கிப் போயின. குனிந்து கவுனை விடுவித்து, அள்ளிப் பிடித்துக்கொண்டேன். ஓர் இளைஞன் பைக்கைக் குறுக்கே நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டான். போகும்போது என்னைப் பார்த்து ஏதோ கேட்டான்.

"பொண்ணோட அம்மாவான்னு கேக்குறான்!" நூர்ஜஹானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மணப்பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் படத்திலும் நின்றேன், வியர்த்து வழிந்தபடி.

மதியம் உணவகத்தில் பதிவைப் போட்டுப் பார்த்தோம். சிவப்பில் இறங்கியவள் நான்தான்.

"சிவப்பு மனிதன்னா என்ன அர்த்தம்க்கா?" நூர்ஜஹான் முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டு கேட்டார்.

"இறங்கக் கூடாதுன்னு."

"தெரிஞ்சேவா இறங்குனீங்க?"

இருவரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி விமானத்திலும் என்னோடு வந்தது. அர்த்தம் தெரியுமா என்று மட்டும் கேட்டது போதாது. தெரிந்தும் ஏன் இறங்கினாய் என்றும் கேட்க வேண்டும்.

திரும்பியதும் திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்தருகே அதைக் கேட்டேன். சிவப்பில் கூடையோடு ஓடிவந்த ஓர் அம்மா நிற்கக்கூட இல்லை.

"பஸ்ஸு போயிரும்ல!"